கிட்ட வராத நாட்டுக்கோழியைப் பழக்குவது எப்படி?

சாக்கின் வாயை அவிழ்த்ததும் நான்கு விடைக்கோழிகளும் நான்கு திசையில் பறந்தன. ஒன்று வேலிக்கு அடியில் புகுந்தது, ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரையில் ஏறியது. இருட்டும் வரை நானும் மகளும் துரத்திப் பிடித்தோம். மறுநாளிலிருந்து என் நிழலைக் கண்டாலே கேறிக்கொண்டு ஓடின. திண்டுக்கல் பக்கம் ஒரு வாரச் சந்தையில் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிகள் வாங்கி, மூன்று வருடத்துக்கு முன் நான் கோழி வளர்ப்பைத் தொடங்கியது இப்படித்தான்.

இன்று அந்த நான்கில் மூன்று, நான் கொல்லையில் உட்கார்ந்தால் மடியில் ஏறுகின்றன. நான்காவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: கோழியிடம் நாம் போகக்கூடாது, அது நம்மிடம் வர வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தினமும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நான்கைந்து மாத வயதில், மனிதக் கையே படாமல் வளர்ந்து வந்த கோழிகளை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அது ஏன் இப்படிப் பயப்படுகிறது?

நம் கொல்லைக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளில் புதருக்குள் வாழும் பறவை. காட்டில் அதைத் தின்னாத பிராணி எதுவும் இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் தலையின் இரண்டு பக்கமும் கண். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை வரை பார்க்கும். பின்னாலிருந்து பதுங்கிப் போய்ப் பிடித்துவிடலாம் என்று நினைப்பதே வீண்.

வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல் என்று கோழியிடம் தனித்தனி எச்சரிக்கை உண்டு. பருந்தைக் கண்டால் மெல்லிய, இழுத்த ஒற்றைக் கூவல், உடனே எல்லாம் புதருக்குள் ஒளிந்து அசையாமல் நிற்கும். நாயோ பூனையோ கீரியோ வந்தால் விட்டுவிட்டு நெடுநேரம் கொக்கரிக்கும். இதைத் தெரிந்துகொண்டால் நம் தவறு புரியும். நாம் நின்றபடியே குனிந்து, மேலிருந்து கையை நீட்டுகிறோம். கோழிக்கு அது பருந்து இறங்குவது போலத்தான்.

இதோடு சந்தை அனுபவமும் சேர்கிறது. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார்கள். தொங்கும் கோழி சட்டென்று அடங்கிவிடும், "பாருங்க, எவ்வளவு சாது" என்பார்கள். அது சாது அல்ல, பயத்தில் உடம்பு விறைத்துப் போகும் நிலை. நமக்கிருப்பது போல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. தலைகீழாக்கினால் குடல், ஈரல் எல்லாம் சரிந்து மூச்சுப் பைகளை அழுத்தும், மூச்சு விடவே சிரமப்படும். தயவுசெய்து உங்கள் வீட்டில் யாரும் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பயமா, நோயா?

பயந்த கோழி தலையை நிமிர்த்தி, கண்ணை அகலத் திறந்து, நாம் ஓர் அடி வைத்தால் மூன்று அடி ஓடும். நோய்ப்பட்ட கோழி சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி ஒரே இடத்தில் நிற்கும். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போகும். புதுக் கோழி இரண்டாம் நாளே தொட விடுகிறது என்றால் சந்தோஷப்படாமல் எச்சத்தைப் பாருங்கள். ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே போய்விடும். சந்தைக் கோழிக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று நமக்குத் தெரியாது, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால், புதிதாக வந்ததைக் குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள். நோய் பரவாமல் இருக்க இது கட்டாயம். பழக்குவதற்கும் இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

முதல் பத்து நாள்: கூடு எங்கே இருக்கிறது?

வந்தவுடன் திறந்துவிட்டது என் முதல் தவறு. கம்பி வலை அடித்த கூட்டில் பத்து நாளாவது அடைத்து வையுங்கள். இதுதான் வீடு, இங்கேதான் தண்ணீரும் தீனியும் என்று பதிய அத்தனை நாள் வேண்டும். உள்ளே ஏறி உட்கார ஒரு குச்சி, ஒரு கோழிக்கு முக்கால் அடி நீளம் கணக்கு. கூட்டின் மூன்று பக்கமும் சாக்கால் மறைத்து, ஒரு மூலையில் தென்னை ஓலையைச் சாய்த்து வையுங்கள். ஒளிய இடம் இருக்கும் கோழிதான் சீக்கிரம் துணிந்து வெளியே வரும். ஒளிய வழியில்லாமல் திறந்தவெளியில் நிற்பது வலையில் முட்டி மோதிக் கொண்டையைக் கிழித்துக்கொள்ளும்.

இரண்டாவது தவறு, கூட்டைக் கொல்லையின் கடைசியில் வேப்ப மரத்தடியில் வைத்தது. நிழலும் அமைதியும் இருந்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன். பத்து நாள் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. என் அத்தை ஊரிலிருந்து வந்தவர், பார்த்துவிட்டு, "மனுஷன் நடமாட்டமே இல்லாத இடத்தில் வெச்சா மனுஷனை எப்படிப் பழகும்?" என்று கேட்டார். அன்றே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாற்றினோம். துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, குழந்தைகள் போய் வருவது எல்லாவற்றையும் கோழிகள் பார்த்துக்கொண்டே இருந்தன. யாரும் அவற்றைச் சீண்டவில்லை. ஒரே வாரத்தில், ஆள் கடந்து போனால் கேறுவது நின்றுவிட்டது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

தீனி வைக்கும்போது நேரம் மாற வேண்டாம். காலை ஏழு, மாலை நான்கரை என்றால் தினமும் அதேதான். ஒரே எவர்சில்வர் கிண்ணம், விளிம்பில் இரண்டு தட்டு, பிறகு "பா... பா... பா..." உங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிடுங்கள், ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி கூப்பிட வேண்டும். கையில் தீனி இல்லாமல் ஒருநாளும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டு வரவழைத்துப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அந்தக் குரலையே அது நம்பாது.

சும்மா உட்காருவது

தீனி வைத்ததும் போய்விடாமல் பத்தடி தள்ளி ஒரு மணைப்பலகை போட்டு உட்காருங்கள். நிற்கும் மனிதன் கோழிக்கு ஒரு பனைமரம். கூட்டுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். இரண்டு கண்ணாலும் நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது வேட்டைப் பிராணியின் பார்வை. அதனால் கைக்கு ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் சின்ன வெங்காயம் உரிப்பேன். கண் வெங்காயத்தில் இருக்கும், கோழியும் என்னைக் கவனிப்பதை மெல்ல மறந்துவிடும். செய்தித்தாள் வேண்டாம், பக்கம் புரட்டும் சத்தத்துக்கே மிரளும்.

நீங்கள் இருக்கும்போதே அது தலையைக் குனிந்து நிதானமாகக் கொத்தத் தொடங்கினால் முதல் படி தாண்டியாகிவிட்டது. மண்ணில் படுத்துப் புழுதிக் குளியல் போட்டாலோ அலகால் இறகைக் கோதினாலோ இன்னும் நல்லது. பயத்தில் இருக்கும் கோழி அதையெல்லாம் செய்யாது.

கறையான் என்னும் மந்திரம்

கம்பு, சோளம், அரிசி நொய் எல்லாம் தினமும் கிடைப்பவை. அதற்காக ஒரு கோழி உயிரைப் பணயம் வைத்து உங்கள் கைக்கு வராது. கறையானுக்கு வரும்.

எடுப்பது எளிது. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைச் செத்தை இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளியுங்கள். கறையான் நடமாட்டம் உள்ள இடத்தில், பானையின் வாய் தரையில் படும்படி மாலையில் கவிழ்த்து, மேலே ஓர் ஈரச் சாக்கைப் போட்டு வையுங்கள். மறுநாள் காலை பானைக்குள் கறையான் அப்பியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். கிராமங்களில் குஞ்சுகளுக்காகக் காலம் காலமாகச் செய்வதுதான் இது. பயந்த கோழியைப் பழக்க இதைவிடச் சிறந்த இரையை நான் பார்க்கவில்லை.

கறையான் கிடைக்காத ஊர்க்காரர்கள் தேங்காய்த் துருவல், வெட்டுக்கிளி, மண்புழு, உதிர்த்த வேகவைத்த முட்டை கொடுக்கலாம். உப்புப் போட்ட மிச்சச் சோறு, ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம், சாக்லேட், அவகாடோ, வேகாத பயறு இவை கூடாது. ஒரு பெட்டைக்கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் தின்னும், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கறையான், தேங்காய்த் துருவல் போன்ற பண்டங்கள் போக வேண்டாம். மாலைத் தீனிக்குச் சற்று முன்பு, பசி எடுக்கும் நேரத்தில் கொடுத்தால் பலன் அதிகம். பழக்குவதற்காகப் பட்டினி போடாதீர்கள். பசியில் வரும் கோழி கொத்திக்கொண்டு ஓடிவிடுமே தவிர நம்மிடம் பழகாது.

தூரத்தைக் குறைப்பது

முதல் நாள் உங்களிடமிருந்து எட்டடியில் தூவுங்கள். அங்கே தயங்காமல் கொத்தினால் மறுநாள் ஏழடி. கொத்துவதை நிறுத்தி ஒற்றைக் காலைத் தூக்கியபடி உங்களைப் பார்த்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பழைய தூரத்துக்கே திரும்புங்கள். இப்படிப் பாதத்தருகே வர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு ஒரு மூடியில் வைத்து மூடியைக் கையில் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளங்கை.

கையை விரித்துத் தரையோடு வைத்து அசையாமல் இருங்கள். முதல் கொத்து திடுக்கென்று இருக்கும், வலிக்காது. அந்த நேரத்தில் கையை இழுத்துவிட்டால் அன்றைய பாடம் வீண். மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள், மின்னும் எதையும் கோழி கொத்திப் பார்க்கும். கையில் மச்சம் இருந்தாலும் ஒரு கொத்து நிச்சயம்.

எல்லாக் கோழியும் ஒன்றாக வராது. துணிச்சலான ஒன்று முதலில் வரும். என்னிடம் செவலைதான் வந்தாள். அவளை மட்டும் நன்றாகப் பழக்குங்கள், மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். அடுத்த நான்காம் நாள் கருப்பி வந்தாள், அப்புறம் சாம்பல்.

ஒதுங்கியே நிற்கும் கோழியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அது உங்களுக்குப் பயப்படுகிறதா, மற்றக் கோழிகளுக்கா? கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. கடைசியில் இருப்பது, மேலே இருப்பவை தின்று முடிக்கும்வரை கிட்ட வரத் துணியாது. நான்காவதான புள்ளியை நான் மாதக்கணக்கில் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மற்ற மூன்றையும் கூட்டுக்குள் விட்டு, அவளுக்குத் தனியாகத் தேங்காய்த் துருவல் வைத்தபோது ஐந்தே நிமிடத்தில் காலடிக்கு வந்தாள். அப்படிப்பட்ட கோழிக்குத் தனிக் கிண்ணமும் தனி நேரமும் கொடுங்கள்.

சேவல் இருந்தால் அது ஒரு பெரிய உதவி. நல்ல இரை கண்டால் சேவல் தானே தின்னாமல், எடுத்து எடுத்துக் கீழே போட்டு "கொக் கொக்" என்று பெட்டைகளைக் கூப்பிடும். அதன் முன்னால் கறையானைப் போடுங்கள், அது உங்களுக்காகக் கூப்பிடும். ஆனால் சேவலைத் தடவிக் கொஞ்சிப் பழக்க வேண்டாம் என்பது என் கருத்து. பயம் முழுக்கத் தெளிந்த சேவல் நம்மையும் இன்னொரு சேவலாக நினைத்து மோத வரலாம், காலிலுள்ள முள் சின்னக் குழந்தையின் முகத்துக்கு எட்டும். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டோ, ஒரு சிறகைத் தரையில் உரசிக்கொண்டோ பக்கவாட்டில் வந்தால் ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். அசையாமல் நின்று, அது தணிந்ததும் மெதுவாக விலகுங்கள்.

தொடுவதும் தூக்குவதும்

கையில் தின்னும் கோழியை உடனே தடவாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். முதலில் ஒரு விரலால் மார்பை, கழுத்துக்குக் கீழே, கீழிருந்து தொடுங்கள். முதுகும் தலையும் கடைசியில்.

முட்டை வைக்கும் வயதுக்கு வந்த கோழி, முதுகுக்கு மேல் கை போனதும் சிறகை விரித்துப் பதுங்கி உட்காரும். புதிதாக வளர்ப்பவர்கள் இதை அன்பு என்று எண்ணுவார்கள். சேவலுக்கு இடம் கொடுக்கும் இயல்பு அது. முதுகை இரண்டு தடவு தடவிவிட்டு விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அமுக்கிப் பிடிப்பது நம்பிக்கையைக் கெடுக்கும்.

தூக்கும்போது இரண்டு கையாலும் சிறகுகளை உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஒரு கையை மார்புக்குக் கீழே கொடுத்து, கால்கள் விரலிடுக்கில் வரும்படி தாங்கி, உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். மார்பை இறுக்கினால் மூச்சு முட்டும். முதல் தடவை பத்து நொடி போதும். திமிறும்போது விட்டால் திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும், அடங்கியதும் குனிந்து தரையில் கால் பட்டபின் விடுங்கள். மேலிருந்து போடவே கூடாது.

பழகாத கோழியை மருந்துக்காகவோ வேறு அவசியத்துக்காகவோ பிடிக்க வேண்டுமென்றால் இரவில் பிடியுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, குச்சியிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். பகலில் துரத்திப் பிடிப்பது எல்லாவற்றையும் பாழாக்கும். ஒரு கோடை விடுமுறையில் உறவுக்காரப் பையன் ஒருவன் கோழியோடு படம் எடுக்க ஆசைப்பட்டுக் கொல்லை முழுக்கத் துரத்தினான். பத்து நிமிட விளையாட்டு, மூன்று வார உழைப்பு போயிற்று. நான் மறுபடியும் எட்டடியிலிருந்து தொடங்கினேன். விருந்தாளி வீட்டுக்குள் நுழைந்ததும் இதைச் சொல்லிவிடுவது நல்லது. பஞ்சாரம் என்னும் கோழிக்கூடை இருந்தால் அவர்கள் இருக்கும் வரை அதைக் கோழிகளின் மேல் கவிழ்த்து வைக்கலாம்.

வெளியே விடும் நாள்

பத்து நாள் கழித்து (வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் மூன்று வாரம் கழித்து), பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, மாலைத் தீனி கொடுப்பதற்கு முன்பு கூட்டைத் திறங்கள். இருட்டத் தொடங்கியதும் கோழி கூட்டைத் தேடும், கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிட்டுத் தீனியை உள்ளே வையுங்கள். அடுத்தடுத்த நாள்களில் திறக்கும் நேரத்தைச் சற்று முன்னே கொண்டு வாருங்கள். சிறுவிடை லேசான உடம்பு, நன்றாகப் பறக்கும், முருங்கை மரத்தில் ஏறித் தூங்கப் பார்க்கும். நன்றாக இருட்டியபின் ஏணி வைத்து எடுத்துக் கூட்டில் விடுங்கள். மூன்று நான்கு இரவு விடாமல் செய்தால் மரத்தை மறந்துவிடும்.

விட்டுவிட வேண்டிய நேரங்கள்

அடையில் இருக்கும் கோழி, குஞ்சோடு திரியும் கோழி, இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழி, இவை மூன்றையும் தொடாதீர்கள். முளைக்கும் இறகில் ரத்தம் ஓடும், கை பட்டால் வலிக்கும். பருந்து வந்து போன அன்றும் இடி மழைக்கு மறுநாளும் பழக்க வேண்டாம். தீபாவளிக்கு முந்தின நாளே கூட்டைச் சாக்கால் மூடி, வெடிச் சத்தம் அடங்கும்வரை தீனியும் தண்ணீரும் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குஞ்சிலிருந்து பழக்குவது எளிதல்லவா என்று கேட்பார்கள். ஆமாம், 21 நாளில் பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாளில் கண்டதெல்லாம் மனதில் பதியும். ஆனால் தாயோடு வளரும் குஞ்சு தாயின் பயத்தையும் சேர்த்தே கற்கும். தாய் கேறினால் குஞ்சுகள் புதருக்குள் ஓடும். செவலை பொரித்த ஏழு குஞ்சுகளுக்கு நான் எதுவுமே செய்யவில்லை. அவள் என் கையில் தின்பதைப் பார்த்து மூன்றாம் நாளே அவையும் விரலைக் கொத்த வந்தன. அதனால் தாயைப் பழக்குவதில் முதலில் உழையுங்கள்.

கறிக்காக வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மற்றக் கோழிகள் பார்க்க அறுக்காதீர்கள், கூட்டிலிருந்து இரவிலேயே எடுத்துவிடுங்கள்.

கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கோழிக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள், எச்சத்திலிருந்து சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தொற்றும்.

பழகிய கோழியை வாரம் ஒருமுறை மடியில் வைத்துப் பாருங்கள். மார்பெலும்பு கத்தி போல் துருத்தினால் மெலிந்திருக்கிறது. ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கினால் பேன் தெரியும். உள்ளங்காலில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் புண். பயந்த கோழியிடம் இதில் எதையும் நோய் முற்றும் முன் கண்டுபிடிக்க முடியாது.

புள்ளி இன்னும் மடியில் ஏறுவதில்லை. கையில் தின்பாள், தொடப்போனால் ஓர் அடி விலகி நிற்பாள். அவளை மட்டும் இரவில்தான் பார்ப்பேன். குச்சியிலிருந்து எடுத்தால் தொண்டைக்குள் லேசாக ஒரு சத்தம் போட்டுவிட்டு என் கைக்கடியில் தலையை நுழைத்துக்கொள்வாள். டார்ச்சை மகள் பிடிப்பாள். பேன், கால், மார்பெலும்பு மூன்றையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவோம்.